எதிர்ப்பலகை

ஜூன் 3

வந்து சேர்ந்துவிட்டேன். தாராபுரத்திலிருந்து மூலனூர் சாலையில் கொஞ்ச தூரம், அப்புறம் ஒரு மண் பாதை. வக்கீல் சென்னியப்பன் வழி நெடுகப் பேசிக்கொண்டே காரை ஓட்டினார். அயராச் சபையின் டிரஸ்டிகளில் இப்போது மிஞ்சியிருப்பது அவர் மட்டும்தான். தன் அப்பா காலத்துத் தொடர்பு என்பதால் உதறிவிட முடியவில்லையாம்.

“மூணு மாசம் இருந்து பாருங்க மேடம். நடத்த முடியுமா, மூடிறலாமான்னு ஒரு முடிவு சொல்லுங்க. பேங்க்ல இருந்தவங்க சொன்னா பெரியவங்க மறுக்க மாட்டாங்க” என்றார்.

கூட்டுறவு வங்கியில் காலம் தள்ளியவள் நான். நலிந்த சங்கங்களை மூடுவது எனக்குப் பழகிய வேலை.

சபையைப் பற்றி அவர் சொன்னது: சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அயரா அடிகள் என்று ஒருவர் இந்த மேட்டுக்கு வந்து அமர்ந்தார். உலகத்தில் ஒருவராவது எப்போதும் விழித்திருக்க வேண்டும், அது இங்கே நடக்கட்டும் என்றார். அவ்வளவுதான் உபதேசம். அன்றிலிருந்து ‘விழிகூடம்’ என்ற வட்டக் கட்டிடத்தில் இரவும் பகலும் யாராவது ஒருவர் முறை வைத்து விழித்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அமரும் பலகை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்த சபை. இப்போது எட்டுப் பேர். அவர்களில் இளையவருக்கே எழுபது ஆகப்போகிறது.

எனக்கு ஒதுக்கிய அறையில் மின்விசிறி ஓடுகிறது. பாத்ரூமில் பல்லி. என் வீட்டுக்காரர் ஈரோட்டிலேயே இருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது ஒரு வருடமாகவே எங்கள் இருவருக்கும் சிரமமாக இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 6

வரவு என்று இருந்தது காற்றாலைக் குத்தகை. ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் இயந்திரங்களைக் கழற்றிப் போய்விட்டார்கள். காட்டில் சிமென்ட் மேடைகள் மட்டும் வெயிலில் கிடக்கின்றன. பக்கத்து நிலத்தில் இன்னும் சில சுற்றுகின்றன. அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல.

கழிவுத் தொட்டி நிரம்பி வழிகிறது. லாரிக்குச் சொல்ல வேண்டும். கூடத்தின் ஓடுகளை மாற்ற வேண்டும். எட்டுப் பேரில் ஒருவரும் சமையலைப் பார்த்துக்கொள்பவருமான ராமாத்தாளுக்குக் கண்புரை ஆபரேஷன்.

ஆனால் உண்மையான கஷ்டம் பணம் இல்லை, ஆள். நாச்சிமுத்து ஐயாதான் முறை பிரிப்பவர். பழைய பஞ்சாலைத் தொழிலாளி. எண்பது தாண்டியும் நிமிர்ந்து நடக்கிறார். ஒருவர் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டதால் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு முறை உட்காருகிறார்கள் என்றார்.

“பலகை காலியா இருந்தா என்னங்க ஆகும்?” என்று கேட்டேன்.

“இது வரைக்கும் இருந்ததில்லீங்களே அம்மிணி” என்றார்.

கூலிக்கு ஆள் வைத்தால் என்ன என்றேன். நெடுநேரம் யோசித்தார். “கூலிக்கு வர்றவங்களுக்கு அங்க ஒண்ணுமே தெரியாதுங்க. வெறும் ரூமுதான். பரவாயில்ல, வரட்டும்” என்றார்.

ஜூன் 15

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் ஏதோ மில்லில் வாட்ச்மேனாக இருந்தவர். இன்னொருத்தி பூங்கொடி, வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள். முப்பத்தெட்டு வயது, கணவன் இல்லை, ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள். கண் விழித்துப் பழகியவள் என்பதால் எடுத்தேன். சாப்பாடும் இங்கேயே. செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்கார வேண்டும், தூங்கக் கூடாது.

கூடத்துக்குள் இன்றுதான் போனேன். ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு குத்துவிளக்கு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. இந்தப் பக்கத்தில் முறைக்காரர் உட்காருகிறார். அந்தப் பக்கத்துப் பலகையில் யாரும் உட்காருவதில்லை. அதற்கு எதிர்ப்பலகை என்று பெயர். அடிகள் உட்கார்ந்ததா என்று கேட்டேன். இல்லையாம். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 16

வாட்ச்மேன் மதிய முறை முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டார். நல்ல வேளை, நாச்சிமுத்து ஐயா வாசலில் இருந்தார், உடனே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வாட்ச்மேன் சட்டை முழுக்க வேர்வை.

“என்னாச்சுங்க?”

“எங்கண்ணன் இருக்கறானுங்க உள்ள” என்றார். கூலியை நீட்டினேன். தொடவே இல்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வெயிலில் நடந்து போனார்.

குடிகாரர் போலிருக்கிறது. வேறு ஆள் பார்க்க வேண்டும்.

ஜூன் 24

பூங்கொடி சம்பளக் கவரைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

“வேண்டாங்க. சும்மாவே உக்காந்துக்கறேன். கூட ஒரு முறை இருந்தாலும் குடுங்க.”

ஏன் என்று கேட்டேன். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள், பக்கத்து வீட்டில் யாரோ வந்திருப்பதைச் சொல்வதுபோல.

“எங்கூட்டுக்காரரு எதுத்தாப்புல உக்காந்திருக்கறாருங்க. ட்ராக்டர் கவுந்து செத்தாரில்லீங்களா, அவரேதான். பேச மாட்டாரு. பாத்துட்டே இருப்பாரு. மத்தியானத்துல நல்லாத் தெரியறாரு.”

பட்டினியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் இப்படி ஆகும். ராமாத்தாளிடம் அவளுக்கு முட்டை சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன்.

ஜூன் 25

பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் மதிய முறைக்கு நானே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜூன் 26

இன்றும் உட்கார்ந்தேன்.

ஜூன் 27

இன்றும்.

ஜூன் 30

அவர் மூன்று தடவை போன் செய்திருக்கிறார். திருப்பிக் கூப்பிட வேண்டும். கழிவு லாரி வந்து போனது. ஓட்டுக்காரர் முன்பணம் கேட்கிறார். மதிய முறையை இனி எனக்கே எழுதிவிடும்படி நாச்சிமுத்து ஐயாவிடம் சொன்னேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். “சரிங்க அம்மிணி” என்றார்.

ஜூலை 9

பூங்கொடி யாரிடம் சொன்னாளோ, போன வாரம் வெள்ளக்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இறந்துபோன தகப்பனாரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தேன். அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். கேட்காமலேயே ஓட்டு வேலைக்கு ஆகும் மொத்தத் தொகையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நேற்று திருப்பூரிலிருந்து நான்கு கார்கள்.

வக்கீலை வரவழைத்துச் சொன்னேன். மூட வேண்டியதில்லை. கூலிக்கு ஆள் வைக்கவும் வேண்டாம். உட்காருவதற்கு ஜனங்கள் காணிக்கை கொடுத்து வருவார்கள். பலகையும் காலியாகாது, சபையும் நிற்கும்.

“நெஜமாவே தெரியுதுங்களா மேடம்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தெரியுதுன்னு சொல்றாங்க” என்றேன்.

ஜூலை 20

முன்பதிவுக்கு ஒரு போன் நம்பர். தகரப் பந்தல். செருப்பு வைக்க இடம். தண்ணீர் டேங்க் இன்னொன்று. பெரியவர்களுக்கு விடியற்காலை முறை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்துக்கு யாரும் காணிக்கை கட்டி வருவதில்லை. ராமாத்தாளின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, “என்ன அம்மிணி, பாதி ஆளாயிட்டீங்க” என்றாள்.

பசிப்பதில்லை. தூக்கமும் அவ்வளவாக இல்லை. ஆனால் சோர்வே கிடையாது.

மதியம் ஒரு மணிநேரம் யாருக்கும் கொடுப்பதில்லை. மேற்பார்வைக்காக.

இன்று அந்த மஞ்சள் சுடிதார். வலது முழங்கையில் ஸ்கூட்டி பழகும்போது விழுந்த தழும்பு. பெருந்துறைச் சாலையில் அடிபட்ட என் மகள் தாரணியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவர் சட்டை முழுக்க ரத்தம். இங்கே ஒரு சொட்டுகூட இல்லை. தலை வாரியிருக்கிறாள். பத்தொன்பது வயசுக்கு உரிய அந்த அலட்சியத்தோடு உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள்.

ஜூலை 28

பூங்கொடியின் மகள் பள்ளிச் சீருடையோடு ஆபீஸ் அறைக்கு வந்தாள். ஒல்லியான பெண். பெயர் கேட்டேன், சொன்னாள், இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

“எங்கம்மா வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சுங்க” என்றாள்.

“இங்கதாம்மா இருக்காங்க. போய்ப் பாரு.”

“பாத்தேனுங்க.” அவள் அழவில்லை. பாடத்தை ஒப்பிப்பதுபோல நின்றாள். “என்னைப் பாத்து, நீ யாரு கண்ணு, யாரைப் பாக்கணும்னு கேட்டாங்க. வெளையாடறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் பார்வை என்மேல நிக்கவே இல்லீங்க. செவுத்தப் பாக்கற மாதிரி பாத்தாங்க.”

ராமாத்தாள் அவளுக்குச் சோறு போட்டாள். பூங்கொடியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மகளா, ஆமாங்க, இருக்குது, படிக்குது என்றாள். எத்தனாவது என்றதற்கு விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். வேனை ஏற்பாடு செய்து இருவரையும் தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

இரவு என் தங்கை போன் செய்தாள். ஏதேதோ பேசினாள். குரலை வைத்து யாரென்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் பிடித்தது. லைன் சரியில்லை.

ஜூலை 29

காலையில் நாச்சிமுத்து ஐயாவைக் கேட்டேன், அந்தக் கூடத்தில் என்ன இருக்கிறது, உள்ளதைச் சொல்லுங்கள் என்று. வேப்பமரத்தடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். மடித்துக்கொண்டே பேசினார்.

“அடிகள் முழிச்சிருங்கன்னுதான் சொன்னாருங்க. பாருங்கன்னு சொல்லல. தீட்சை குடுக்கறப்ப காதுல ஒண்ணே ஒண்ணு சொல்வாங்க. வெளக்கோட பாதத்தைப் பாத்து உக்காரு, தலையத் தூக்காதே. அவ்வளவுதான் எங்க சாமி. எதுத்தாப்புல யாரு வந்தாலும் வரட்டும். தொணைக்கு நாம இருக்கறோம், அது அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். நாம பாக்க ஆரம்பிச்சா, உசுரோட இருக்கறவங்கள்லாம் நம்ம கண்ணுல இருந்து போயிருவாங்க.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலீங்க?”

“தீட்சை வாங்காதவங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சோமுங்க. தப்புத்தான்.”

“நீங்க ஒரு தடவைகூடப் பாத்ததில்லையா?”

துணியை மடிப்பதை நிறுத்தினார். “என் தம்பி பதினாறு வயசுல கெணத்துல போயிட்டான். சபைக்கு வந்ததுல இருந்து எதுத்தாப்புல ரெண்டு காலு தெரியுமுங்க. ஈரமா. அதுக்கு மேல பாக்கலீங்க.”

ஆத்திரமாக வந்தது. கண்ணெதிரே வந்து உட்காரும் பிள்ளையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டிருப்பது என்ன பக்தி. இப்படிப் பயந்து பயந்துதான் சபை எட்டுப் பேரில் வந்து நிற்கிறது. மதியம் வழக்கம்போல உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 5

சொல்லாமல் கொள்ளாமல் அவர் வந்துவிட்டார். வாசலில் நீல நிறச் சட்டையோடு ஒருவர் நிற்பதைப் பார்த்து, முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். “வசு” என்றார். அப்புறம்தான் தெரிந்தது. வெயிலில் கண் கூசியது.

மெலிந்திருக்கிறார். போனை எடுப்பதில்லை என்று குறைப்பட்டார். தாரணி இங்கே வருகிறாள் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. முகம் வெளுத்துவிட்டது. என் மதிய நேரத்தை அவருக்குக் கொடுத்தேன். நான் ஆபீஸ் அறையில் வக்கீலோடு அடுத்த மாதத் திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தேன்.

மணி அடிப்பதற்கு முன்பே வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாத்தீங்களா? மஞ்சள் சுடிதார்தானே?”

அவர் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார்.

“தாரணி இல்ல வசு. நீ இருந்தே.”

“நான் ஆபீஸ்ல இருந்தேன். வக்கீலைக் கேளுங்க.”

“தெரியும். உள்ள இருக்கும்போதே உன் குரல் கேட்டுச்சு. குரல் அங்க கேக்குது, நீ எதுக்க உக்காந்திருக்கே. இந்தச் சேலைதான். ஒரு வார்த்தை பேசலை.”

ஆகஸ்ட் 6

காலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். வா என்று கூப்பிட்டார். மாதக் கடைசி வரை வேலை இருக்கிறது என்றேன். மறுபடி கூப்பிடவில்லை. பெற்ற மகள் கண்ணுக்குத் தெரியவில்லை, உயிரோடு இருக்கும் என்னைப் பார்த்தாராம். அவளை மறந்துவிட்டார், அவ்வளவுதான். நாச்சிமுத்து ஐயா பஸ் நிறுத்தம் வரை அவரோடு நடந்து போனார்.

மதியம் தாரணி வரவில்லை.

ஆகஸ்ட் 7

வரவில்லை. பலகை வெறுமையாக இருந்தது.

ஆகஸ்ட் 8

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

மதியம் உட்கார்ந்தேன். விளக்கின் சுடர் ஆடவில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தேன். எதிர்ப்பலகையில் அவர் இருந்தார். நீல நிறச் சட்டை, மேல் பித்தான் இல்லை. முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த முகத்தை ஒரு வருடத்துக்குப் பிறகு முழுசாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. தாடையில் நரைத்த முடி. கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட நினைத்தேன். பெயர் வரவில்லை. முப்பது வருடம் குடித்தனம் செய்தவரின் பெயர்.

எழுந்துவிட்டேன். வாசலில் நின்ற அடுத்த ஆளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு அறைக்கு ஓடினேன். போனில் அந்த எண்ணுக்கு ‘வீடு’ என்றுதான் போட்டு வைத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

“குளிச்சிட்டிருந்தேன். சொல்லு.”

போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“வசு? என்னாச்சு?”

“உங்க பேர் என்னங்க?”

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “தண்டபாணி. நீ அங்கயே இரு. நான் வண்டி எடுத்துட்டு வரேன்.”

ஆகஸ்ட் 12

வக்கீலோடு பெரிய தகராறு.

“மேடம், இப்பத்தான் சபை காலூன்றி நிக்குது. தீபாவளி வரைக்கும் புக்கிங் ஆயிருச்சு. நீங்களேதானே ஆரம்பிச்சு வெச்சீங்க?”

“நான்தான். அதனாலதான் நானே நிறுத்தறேன்” என்றேன். தண்டபாணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் பார்வை அலையும்போதெல்லாம் முழங்கையைத் தொட்டார்.

பந்தலைப் பிரித்தாயிற்று. முன்பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலையை வக்கீலின் குமாஸ்தாவே செய்கிறார். சாலையை ஒட்டிய நிலத்தை மட்டும் விற்று, வருகிற தொகையை வங்கியில் போட்டால், வட்டியில் எட்டுப் பேரும் கடைசிவரை சாப்பிடலாம், மருந்து வாங்கலாம். அதற்குப் பின்னால் சபை இருக்குமா என்ற கேள்விக்கு என் அறிக்கையில் பதில் எழுதவில்லை. பெரியவர்களைக் கூட்டிப் படித்துக் காட்டினேன். எல்லாரும் கேட்டார்கள். நாச்சிமுத்து ஐயா, “போதுமுங்க” என்றார். ராமாத்தாள் எழுந்து முறைக்குப் போனாள்.

பூங்கொடி ஆஸ்பத்திரியில் தொடர்ந்து தூங்கினாளாம். எழுந்ததும் மகளின் பெயரைச் சொன்னாளாம். மகேஸ்வரி. எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது.

செப்டம்பர் 10, ஈரோடு

தூக்கம் வருகிறது. சாப்பாட்டில் உப்பு கூடினால் தெரிகிறது. சிலர் முகம் இன்னும் பிடிபடவில்லை. எதிர்வீட்டு அம்மாள் தினமும் பேசுகிறாள், ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பதுபோல இருக்கிறது. காலையில் எழுந்ததும் தண்டபாணி என் எதிரில் வந்து நிற்கிறார். நான் அவர் பெயரைச் சொல்கிறேன். அப்புறம் காபி.

நேற்று ராமாத்தாள் போன் செய்தாள். இடுப்பு ஒடிந்தவர் இறந்துவிட்டார். இன்னொருவரை மகன் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டான். ஆறு பேர் மாறி மாறி உட்காருகிறார்கள். என்னை வரச் சொல்லவில்லை. மழை இல்லை என்றாள், முருங்கை காய்த்திருக்கிறது என்றாள், வைத்துவிட்டாள்.

இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். “வாரத்துல ஒரு நாள் மத்தியானம் மட்டும் போய் உக்காந்துட்டு வரட்டுமாங்க?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“தலையத் தூக்காம இருப்பியா?”

“தெரியலை.”

“நானும் வரேன்” என்றார்.

செப்டம்பர் 17

காரில் போனோம். மேட்டில் வெளியாட்கள் யாரும் இல்லை. காற்று மட்டும். நாச்சிமுத்து ஐயா தீட்சை என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கைகால் கழுவி வரச் சொல்லி, வாசலில் நிற்க வைத்து, ஏற்கெனவே எனக்குத் தெரிந்த அந்த ஒன்றைக் காதில் சொன்னார்.

உட்கார்ந்தேன். விளக்கின் பாதத்தில் எண்ணெய்க் கறை. ஓர் எறும்பு அதைச் சுற்றிப் போனது. வெகுநேரம் அதையே பார்த்தேன். பிறகு எதிர்ப்பலகை மெல்லக் கிறீச்சிட்டது, யாரோ பாரத்தை இறக்கி உட்காருவதுபோல. வேறு சத்தம் இல்லை. வெளிச்சத்தின் விளிம்பில் ஏதோ நிறம் இருந்தது. என்ன நிறம் என்று பார்க்க, கண்ணை ஒரு நூல் உயர்த்தினால் போதும். கழுத்து வலித்தது. கண்ணீர் நேராக மடியில் விழுந்தது. துடைப்பதற்காகக்கூட நான் தலையை அசைக்கவில்லை. எதிரில் மூச்சு சீராக இருந்தது. ஒரு சமயம் அது மிக அருகில், என் நெற்றிக்கு நேராக வந்து, வெகுநேரம் அங்கேயே நின்று, பின்வாங்கியது.

மணி அடித்ததும் ராமாத்தாள் வந்து உட்கார்ந்தாள். நான் தரையைப் பார்த்தபடியே வெளியே வந்தேன்.

தண்டபாணி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அருகில் போய் முதலில் அவர் முகத்தைப் பார்த்தேன். பெயரைச் சொன்னேன். தலையசைத்தார்.

“வந்தாளா?” என்று கேட்டார்.

“தெரியலைங்க. பாக்கலை.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த முறைக்குக் கைகால் கழுவப் போனார்.